என் இருக்கையில் லையல்

மார்ச் 12, புதன்

காலையில் மைனஸ் பத்தொன்பது. வாசல் பனியை அள்ளிப் போட்டுவிட்டு உள்ளே வந்தால் ஃப்ரீடா ரேடியோவோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். நேற்று எதிரணியின் ஊரான ஹெல்ஸ்பியில் நடந்த ஐஸ் ஹாக்கி ஆட்டத்திலும் நம் ஊர் நாரைகள் அணி தோற்றுவிட்டது. ஏழு ஆட்ட இறுதித் தொடரில் அவர்கள் மூன்று, நாம் ஒன்று. இன்னும் ஒன்றில் ஜெயித்தால் கோப்பை அவர்களுக்கு.

"அந்த நடுவருக்குக் கண்ணு இருக்கா இல்லையா?" என்றாள்.

"அவன் அப்பாவுக்கு நான் பாடம் எடுத்திருக்கேன். அந்தக் குடும்பத்துக்கே கொஞ்சம் கிட்டப்பார்வை" என்றேன்.

சிரிக்கவில்லை. ஹாக்கி விஷயத்தில் என் வேடிக்கைகள் அவளிடம் செல்லுபடியாவதில்லை. எங்கள் நாற்பது வருஷக் கல்யாணத்தில் கத்துகிறவள் அவள், விளக்கம் சொல்கிறவன் நான். முப்பது வருஷம் வகுப்பறையில் கத்தித் தொண்டையைத் தீர்த்துவிட்டேன். அரங்கத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பையன் ஏன் அங்கே நின்றான், ரப்பர் வட்டு ஏன் அந்தப் பக்கம் போனது என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். அவள் கேட்கிறாளா இல்லையா என்று எனக்கு இதுவரை தெரியாது.

வெள்ளிக்கிழமை ஐந்தாவது ஆட்டம், நம் ஊரில்.


மார்ச் 14, வெள்ளி

ஜெயித்துவிட்டோம். நான் பார்க்கவில்லை. இதற்கு மேல் இன்று எழுத முடியாது.


மார்ச் 15, சனி

பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிக் கொடுப்பேன். கோபமாக இருக்கும்போது முதலில் நடந்ததை எழுது, நினைத்ததைப் பிறகு எழுது. அப்படியே செய்கிறேன்.

ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் இரண்டாவது முடிந்தபோது நான்குக்குப் பூஜ்யம். பூஜ்யம் நாம்தான். எங்கள் வரிசையில், தோற்கும்போது அதிர்ஷ்டம் மாறட்டும் என்று செய்கிற வேலைகள் எல்லாம் ஆரம்பமாயின. தொப்பியை உள்பக்கம் வெளியே தெரியும்படி போட்டுக்கொள்வது, கையுறையைக் கை மாற்றுவது, பக்கத்து ஆளோடு இடம் மாறுவது. இதற்கெல்லாம் தலைவன் ஓரெஸ்ட் டானிலுக். கோதுமை போட்டுச் சம்பாதித்தவன், மடியில் ஒரு மாட்டு மணியை வைத்துக்கொண்டு உத்தரவு போடுவான். ஃப்ரீடா குளிருகிறது என்றாள். காரில் போர்வை இருக்கிறதே, எடுத்து வருகிறேன் என்று எழுந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

இடைவேளை முடிவதற்குள் வந்துவிடலாம் என்று நினைத்தேன். கார் பின்பெட்டியில் போர்வைக்கு மேலே உப்பு மூட்டை, மண்வாரி, இன்னும் என்னென்னவோ. அதையெல்லாம் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும்போதே அரங்கத்தின் தகரச் சுவர் அதிர்ந்தது. சங்கு ஊதியது. ஒரு கோல். போர்வையை அள்ளிக்கொண்டு ஓடினேன், என் முழங்காலுக்கு ஓட்டம் என்று சொல்லத்தக்க ஒன்று. கதவை நெருங்கும்போது இன்னொரு சங்கு.

கதவில் டாரல். ஆறாம் வகுப்பில் என்னிடம் படித்தவன், இப்போது டிக்கெட் கிழிக்கிறான், தலை நரைத்துவிட்டது. கையை நீட்டி மறித்தான்.

"சார், மன்னிச்சுக்கோங்க. அங்கயே நில்லுங்க."

"போர்வைடா. ஃப்ரீடாவுக்கு."

"குடுங்க, நான் அனுப்பிடுறேன். நீங்க எழுந்து போனப்புறம்தான் ரெண்டு விழுந்திருக்கு. சாரை உள்ள விடாதேன்னு ஓரெஸ்ட் சொல்லி அனுப்பிட்டாரு."

"டாரல், உனக்கு நான் என்ன சொல்லிக் குடுத்தேன்? ஒண்ணு முன்னாடி நடந்து இன்னொண்ணு பின்னாடி நடந்தா—"

"தெரியும் சார். எல்லாம் ஞாபகம் இருக்கு. வெளிய நில்லுங்க சார்."

சிரித்துக்கொண்டே போர்வையைக் கொடுத்தேன். சிரித்தது நான்தான், அதை மறைக்க முடியாது. காருக்குப் போய் உட்கார்ந்து கைபேசியில் நேரடி வர்ணனையைப் போட்டேன். அது சில நொடிகள் பிந்தி வரும். முதலில் சுவர் அதிரும். ஏன் அதிர்ந்தது என்று பிறகு கைபேசி சொல்லும். சந்தோஷம் முன்னால், காரணம் பின்னால். மூன்று. நான்கு. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் ஐந்து. அந்த ஐந்தாவது கோலுக்குக் கார்க் கண்ணாடியே நடுங்கியது. ஊரே உள்ளே இருந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தனியாக "ஆகா" என்றேன்.

பிறகு எல்லோரும் வெளியே வந்தார்கள். முகம் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். தீயணைப்பு வண்டி விளக்கைச் சுழலவிட்டுக் கடைத்தெருவைச் சுற்றியது. என் கார்க் கண்ணாடியைத் தட்டி, "சார், நீங்கதான் ஜெயிக்க வெச்சீங்க" என்று பத்துப் பேராவது சொல்லியிருப்பார்கள். நன்றி சொன்னேன். எதற்கு நன்றி?

கடைசியாக ஃப்ரீடா வந்தாள். குரல் போய்விட்டிருந்தது. கூட லையல் ஃபென்விக்.

"நீ பாக்கலையே எமில். ஐயோ, நீ பாக்கலையே" என்று காற்றாகச் சொன்னாள்.

லையலைப் பற்றி எழுத வேண்டும். மாகாணம் முழுக்கச் சுற்றி ஏலம் விட்டவன். மனைவி இறந்த பிறகு போன இலையுதிர்காலத்தில் ஊருக்கே திரும்பிவிட்டான். எங்களுக்குப் பின்வரிசையில் இடம். உயரம். முடி கொட்டவில்லை. ஏலக்காரனின் குரல், கூரையில் மோதித் திரும்பி வரும். சின்ன வயதில் ஃப்ரீடாவும் அவனும் குளிர்காலத் திருவிழாவில் ஜோடியாகப் பனிச்சறுக்கு நடனம் ஆடியவர்கள். நான் அப்போது இந்த ஊருக்கே வரவில்லை. எனக்கு இன்றும் பின்பக்கமாகச் சறுக்க வராது.

நான் எழுந்து போனதும் அவன் முன்வரிசைக்கு இறங்கி என் இருக்கையில் உட்கார்ந்துவிட்டான். போர்வையும் போய்ச் சேர்ந்தது. அகலமான போர்வை, இரண்டு பேருக்குப் போதும்.

இன்று மதியம் காபிக் கடைக்குப் போனேன். ஊர்ப் பத்திரிகைக்காரி எடுத்த படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறார்கள். ஐந்தாவது கோல் விழுந்த கணம். நடுவில் ஃப்ரீடா. இரண்டு கையும் லையல் கழுத்தைச் சுற்றி. கால் தரையில் இல்லை. வாய் முழுக்கத் திறந்திருக்கிறது, கடைவாய்ப் பல் வரை தெரிகிறது.

"ஃப்ரீடாவுக்கு இருபது வயசு கொறஞ்சு போச்சு பாருங்க" என்றாள் காபி ஊற்றுகிறவள்.

"வெளிச்சம் நல்லா விழுந்திருக்கு" என்றேன்.

எங்கள் வீட்டு அலமாரியில் நாற்பது வருஷத்துப் படங்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் அவள் உதட்டை மூடிக்கொண்டுதான் சிரிக்கிறாள். பல் வரிசை சரியில்லை என்று சின்ன வயதிலிருந்தே கூச்சம். என் பக்கத்தில் நின்று ஒரு தடவையாவது அப்படி வாயைத் திறந்திருக்கிறாளா? கல்யாணத்தன்று? இல்லை. பார்த்துவிட்டேன். ஆல்பத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.


மார்ச் 16, ஞாயிறு

ஓரெஸ்ட் காலையிலேயே கூப்பிட்டான். ஆறாவது ஆட்டம் ஹெல்ஸ்பியில். ரசிகர்களுக்குப் பேருந்து.

"வாத்தியாரே, நீ வர வேண்டாம்."

"ஹெல்ஸ்பிக்குமா? அது அவங்க அரங்கம்டா."

"ரிஸ்க் எடுக்க முடியாது. நீ வீட்டுலயே இரு. முடிஞ்சா வாசலுக்குக்கூட வராதே."

அவனுக்கு ஒரு உதாரணம் சொன்னேன். என் வகுப்பில் ஒரு பெண், பச்சைப் பென்சிலால் எழுதிய தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். அதிலிருந்து பச்சைப் பென்சில் இல்லாமல் எழுதவே மாட்டாள். ஒருநாள் நானே அதை ஒளித்து வைத்துவிட்டுச் சாதாரணப் பென்சிலைக் கொடுத்தேன்.

"அப்புறம்?" என்றான் ஓரெஸ்ட்.

"அப்புறம் என்ன, எழுதினா."

"பாஸ் பண்ணாளா?"

"அது இங்க முக்கியமில்ல."

"வீட்டுலயே இரு வாத்தியாரே" என்று வைத்துவிட்டான்.

பேருந்து புறப்படும்போது வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஃப்ரீடா ஜன்னலோரம். பக்கத்தில் யார் என்று எழுத வேண்டியதில்லை. அவன் ஏதோ சொன்னான், அவள் அவன் தோளில் அடித்துச் சிரித்தாள். வாயை மூடிக்கொள்ளவில்லை.

மாலை: நாரைகள் மூன்று, ஹெல்ஸ்பி இரண்டு. தொடர் மூன்றுக்கு மூன்று. வீட்டில் தனியாக ஒரு தட்டு பெரோகிக் கொழுக்கட்டை சூடு பண்ணிச் சாப்பிட்டேன். தோற்றிருந்தால்— ஒரு கணம் அப்படி நினைத்தேன். பொய் எழுத மாட்டேன், நினைத்தேன்.


மார்ச் 17, திங்கள்

சண்டை.

நான்தான் ஆரம்பித்தேன். நாளைக்கு ஏழாவது ஆட்டம், நம் ஊரில், கோப்பை யாருக்கு என்று தெரிந்துவிடும். நானும் வரப் போகிறேன் என்றேன். என் இருக்கை. என் பெயரில் இருக்கிறது.

"எமில், ஒரே ஒரு நாள்" என்றாள்.

"நீ ஏன் அவன் பக்கத்துல உட்காரணும்?"

"அவன் அங்க உட்கார்ந்தாத்தானே ஜெயிக்கிறோம்."

"நீ அத நம்புறியா?"

"நம்பல. மாத்திப் பாக்குற தைரியம்தான் இல்ல."

நல்ல பதில். வகுப்பில் ஒரு பிள்ளை அப்படிச் சொல்லியிருந்தால் பாராட்டியிருப்பேன். ஆனால் எனக்கு என்ன வந்தது? "அவன்கூட இருந்தா உனக்கு நல்லா இருக்கு, அத நேராச் சொல்லிட்டுப் போயேன்" என்று சொல்லிவிட்டேன். எழுபத்து மூன்று வயசுக்காரன் சொல்கிற வார்த்தையா அது.

அவள் தட்டுகளை அடுக்கினாள். பாத்திரம் கழுவப் போய்விட்டாள். மறுக்கவில்லை. மறுத்திருக்கலாம்ல? ஒரு வார்த்தை. "பைத்தியமா உனக்கு"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல.

கோப்பை எனக்கு ஒரு பொருட்டில்லை என்று இப்போது தெரிகிறது. அவள் பக்கத்தில் அந்த ஒரு இருக்கை. அதில் நான் இருந்தாலும் அவன் இருந்தாலும் அவளுக்கு ஒன்றுதானா, இல்லை அவன்தான் மேலா. இதுதான் கேள்வி. இதைக் கேட்கத்தான் வாய் வரவில்லை.


மார்ச் 18, செவ்வாய்

லையல் தொலைபேசியில் கூப்பிட்டான். "உனக்கு ஒண்ணும் வருத்தமில்லையே எமில்?"

"சேச்சே" என்றேன்.

இவ்வளவு சின்ன வார்த்தைக்குள் இவ்வளவு பெரிய பொய் அடங்கும் என்று எனக்குத் தெரியாது.


மார்ச் 19, புதன்

நேற்று ஃப்ரீடாவை அரங்க வாசலில் இறக்கிவிட்டேன். கதவைச் சாத்தும்போது, "ஹீட்டரப் போட்டுக்கோ" என்றாள். வாசலுக்கு நேர் எதிரே நிறுத்திக்கொண்டேன். டாரல் உள்ளேயிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

நான் மட்டும் வெளியே இல்லை. நம் கோல் காப்பாளனின் அம்மா டோனா, மகன் முக்கியமான ஆட்டம் ஆடுவதைப் பார்க்கமாட்டாள், கார்களுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பாள். ஒவ்வொரு சுற்றுக்கும் என் கண்ணாடியருகே நிற்பாள். நான் விரலால் கணக்குக் காட்டுவேன். தலையாட்டிவிட்டுப் போய்விடுவாள். ஒன்றுக்கு ஒன்று. இரண்டுக்கு ஒன்று. இரண்டுக்கு இரண்டு. மூன்றுக்கு மூன்று.

ஆட்டம் சமனில் முடிந்தது. இனிக் கூடுதல் நேரம், முதலில் கோல் போடுகிறவர்களுக்குக் கோப்பை.

இடைவேளையில் சிகரெட் பிடிக்க வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துக் கும்பிடாத குறை. "சார், அசையாதீங்க. தும்மக்கூட வேண்டாம்." அவர்கள் உள்ளே போனார்கள். வாகன நிறுத்தம் வெறிச்சென்றானது. கூடுதல் நேரம் தொடங்கிவிட்டதென்று சுவர் சொன்னது.

அப்போது கதவு திறந்து ஃப்ரீடா வந்தாள். கோட்டு இல்லை. நாரைச் சட்டையோடு, செருப்புப் போல அவிழ்ந்த பூட்ஸோடு, பனியில் வழுக்கி வழுக்கி நேராக என் காருக்கு. கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

"என்ன ஆச்சு?" என்றேன். "ஆட்டம் நடக்குதே."

"அவன் ரொம்பக் கத்துறான் எமில்."

"யாரு?"

"யாரா? லையல்தான். மூணு நாளாக் கத்துறான். நான் ஒரு வார்த்தை கத்துறதுக்குள்ள அவன் பத்து கத்திடுறான். எனக்குக் கத்த எடமே இல்ல. ஏன் அந்தக் கோலைத் தள்ளுபடி பண்ணாங்கன்னு கேட்டா அதுக்கும் கத்துறான். யாராவது ஒருத்தர் மெதுவா விளக்கமாச் சொன்னாத்தானே நான் கத்த முடியும்."

ஹீட்டரை அவள் பக்கம் திருப்பினேன்.

"அன்னைக்கு அஞ்சாவது கோலுக்கு நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். "பொய் சொல்லல. ஆனா அத யார்கிட்டச் சொல்றதுன்னு திரும்பிப் பாத்தேன். நீ இல்ல. வா, எழுந்திரு. உள்ள போலாம்."

"ஃப்ரீடா, ஊரே கொன்னு போடும்."

"கொல்லட்டும். எழுந்திரு."

கதவில் டாரலுக்கு உயிரே போய்விட்டது. "மேடம், வேண்டாம். சார், கூடுதல் நேரம் சார். உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன்."

"டாரல், வழிய விடு" என்றாள் ஃப்ரீடா.

விட்டான். பாவம், அவளுக்கும் பயப்படுவான், எனக்கும் பயப்படுவான். ரப்பர் விரித்த நடையில் இறங்கி, டிக்கெட் மேசையைத் தாண்டி, படியில் கால் வைத்திருப்போம். உள்ளேயிருந்து ஒரு சத்தம். சத்தம்கூட இல்லை. ஓராயிரம் பேர் ஒரே நேரத்தில் மூச்சை விட்டால் எப்படி இருக்குமோ அப்படி. அப்புறம் தூரத்து மூலையில் ஹெல்ஸ்பி ஆட்கள் மட்டும் குதிக்கிற சத்தம்.

நாங்கள் இருவருமே அந்தக் கோலைப் பார்க்கவில்லை.

படியில் அப்படியே நின்றோம். மேலே எங்கள் வரிசை முழுக்கத் திரும்பி எங்களைப் பார்த்தது. ஓரெஸ்ட் மாட்டு மணியைக் கீழே வைத்தான். லையல் எழுந்து நின்றான், என் இருக்கையிலிருந்து. ஃப்ரீடா அழுதாள். கோப்பைக்காகத்தான் அழுதாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் தோளில் அழுதாள்.

தோற்றதற்கு வருத்தப்பட வேண்டும் என்று வீடு திரும்பும் வழி முழுக்க முயற்சி செய்தேன். சரியாக வரவில்லை.


மார்ச் 20, வியாழன்

காபிக் கடையில் யாரும் என்னோடு பேசவில்லை. காபி மட்டும் ஊற்றினார்கள்.


மார்ச் 23, ஞாயிறு

ஓரெஸ்ட் வந்தான். பூட்ஸைக் கழற்றாமல் வாசல் விரிப்பிலேயே நின்றான். வழக்கு விசாரிக்க வந்தவன் போல.

"ஃப்ரீடா, நீயா போய்க் கூட்டிட்டு வந்தே?"

"நான்தான்."

"அவன் வரமாட்டேன்னு சொல்லலையா?"

"சொன்னான். நான் கேக்கல."

தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தான். "அப்போ ரெண்டு பேருமே" என்றான். "அடுத்த சீசனுக்கு ரெண்டு பேரும் வெளிய. வரிசைல எல்லாரும் பேசி முடிவு பண்ணிட்டோம். வருத்தப்படாதீங்க. சான்ட்விச் அனுப்பிடுறோம்."

போன பிறகு ஃப்ரீடா சமையலறையில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். முதுகு குலுங்கியது. அழுகிறாளோ என்று போய்ப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து, கையால் மறைக்காமல். என்னைப் பார்த்ததும் மூடிக்கொள்வாள் என்று நினைத்தேன். மூடவில்லை.


செப்டம்பர் 19, வெள்ளி

இந்தச் சீசனின் முதல் ஆட்டம், நம் ஊரில். இன்னும் குளிர் வரவில்லை, கண்ணாடியை இறக்கிவைத்துக்கொண்டு வாகன நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தோம். அரங்கத்துச் சமையலறைப் பெண்கள் குழம்பு ஊற்றிய உருளைக்கிழங்கு வறுவல் கொடுத்தனுப்பினார்கள். வர்ணனையாளர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஃப்ரீடாவிடம் திட்டு வாங்கினார். புது ஆட்டக்காரன் ஒருவனை ஏன் வெளியே உட்காரவைத்தார்கள் என்று கேட்டாள். மேசை மேல் ஆட்டக்காரர்களாக நாலு உப்புக்குப்பிகள் இருப்பதாக வைத்துக்கொள் என்று விளக்க ஆரம்பித்தேன். நான் இரண்டாவது உப்புக்குப்பிக்கு வருவதற்குள் அவள் நடுவரைத் திட்டிக் கத்தத் தொடங்கிவிட்டாள். நான் மூன்றாவதை விளக்கிக்கொண்டே போனேன். கேட்கிறாள். இடையில் கத்துகிறாள், ஆனால் கேட்கிறாள்.

இரண்டாம் இடைவேளையில் லையல் வந்தான். காருக்கு வெளியே நின்று கூரையில் கை வைத்துக் குனிந்தான்.

"உள்ள ரெண்டு இருக்கை காலியா கெடக்கு. ஒரு மாதிரியா இருக்கு" என்றான். குரலைத் தணித்துத்தான் சொன்னான். "இங்க நல்லா இருக்கு போல."

"இருக்கு" என்றாள் ஃப்ரீடா.

"கடைசிப் பகுதிய மட்டும் இங்க உட்கார்ந்து கேக்கட்டுமா?"

ஃப்ரீடா என்னைப் பார்த்தாள். நான் லையலைப் பார்த்தேன். அவன் கண் முன்சீட்டில் இருந்தது, எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த வறுவல் தட்டில் இருந்தது. வளர்ந்த ஆள், ஆனால் விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாத பிள்ளையின் முகம். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். மார்ச் மாதம் முழுக்கச் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

"உட்காரு. ஆனா இங்க நான்தான் கத்துவேன்" என்றாள் ஃப்ரீடா.

பின்கதவு பூட்டியிருந்தது. அதைத் திறக்கிற பொத்தான் என் பக்கத்தில்தான் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.